சப்ரகமுவ தோட்டத் தமிழர்: சமூக நலனும் ஏற்றத்தாழ்வும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. இங்குள்ள தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர், தென்னிந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்க, சப்ரகமுவவில் அவை சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறியிருக்கின்றன. இம்மக்களின் வீடு, மருந்து, பள்ளிக்கூடம் ஆகியவை நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. அருகிலுள்ள கிராமத்தவருக்கு அரசு உரிமையாகக் கொடுத்தவை, தோட்டத்தில் வேலையோடு கட்டப்பட்ட சலுகைகளாகவே இருந்தன. இப்பகுதியின் ஏற்றத்தாழ்வு இந்த வேறுபாட்டில் வேர்கொண்டது.

தோட்டங்களின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறக்குவானை, பலாங்கொடை மலைச்சாரல்களில் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இரப்பர் விலை ஏறியதும், களனிப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த, மழை மிகுந்த நிலங்கள் இரப்பர்த் தோட்டங்களாயின. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல ஆகிய பகுதிகள் அவ்வாறு வளர்ந்தவை. களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது.

ஆட்களைச் சேர்த்தவர்கள் கங்காணிகள். ஊரில் கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக, கடன் தொகை எழுதிய 'துண்டு' தேவைப்பட்டது. புதிய தோட்டத்தின் துரை அந்தக் கடனை அடைத்தால்தான் தொழிலாளி இடம் மாறலாம். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டபோதும், பெரிய கங்காணியின் செல்வாக்கு உடனே மறையவில்லை.

தோட்டம் வழங்கிய நலன்

பிரித்தானிய ஆட்சி தோட்ட மக்களின் நலனை முதலாளிகளின் கடமையாகச் சட்டத்தில் எழுதியது. தோட்ட மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் ஆரம்பக் கல்விக்கும் சட்டங்கள் வந்தன. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் நிறைவேறியது. மகப்பேற்று உதவிச் சட்டம் 1939இலும், சம்பளச் சபைகள் சட்டம் 1941இலும் தொடர்ந்தன. பச்சிளம் குழந்தைகளை விட்டுவிட்டுத் தாய்மார் மலைக்குப் போகப் பிள்ளைமடுவங்கள் அமைந்தன. அன்றைய இலங்கையின் கிராமத்து விவசாயக் கூலிகளுக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்புகள் பல கிடைக்கவில்லை. ஆனால் தோட்டத்தைவிட்டு நீங்கியவருக்கு இவற்றில் எதுவும் மிஞ்சவில்லை.

குடியிருப்பிலும் இதே நிலைதான். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள். ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுக்கமான விறாந்தை. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. மகனுக்குத் திருமணமானால் சேலைத் திரையோ பலகைத் தடுப்போ புதுக்குடும்பத்தின் சுவராகும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலை போனால் கூரையும் போகும் நிலை இருந்தது.

இரப்பர்த் தோட்டத்தில் வருமானத்தை வானம் தீர்மானித்தது. பால்வெட்டுபவர் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போய், மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்து, வெயில் ஏறுமுன் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. தீவிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்றான இங்கு, மழைமாதங்களில் வேலைநாள்கள் குறைந்தன. குறித்த அளவு பாலோ கொழுந்தோ சேராத நாளில் 'அரைப்பேர்' (அரைநாள் சம்பளம்) மட்டும் விழுந்தது.

குடியுரிமை இழப்பு

நிலத்தின் மீது தோட்ட மக்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி கேகாலை மாவட்டத்தில் 1946இல் வெடித்தது. உந்துகொடைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம மக்களுக்குப் பகிர்ந்தளிக்க அரசு எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர், இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தியது. நிலமற்ற சிங்கள விவசாயியும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே மண்ணுக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட இந்நிகழ்வு, பின்னால் வந்தவற்றுக்கு முன்னோடியாயிற்று.

சுதந்திரத்துக்குப்பின் 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கக் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அது இயலாத காரியம். 1949இன் மற்றொரு குடியுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. வாக்குரிமை போனதால், அரசின் நலத்திட்டங்களைக் கேட்டுப் பெறும் வலிமையும் போயிற்று. 1930களிலிருந்து ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டைத் தொகுதிகளில் வேரூன்றிய லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா நாடாளுமன்றத்தில் இச்சட்டங்களை எதிர்த்தார்.

1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். உறவுக் குடும்பங்கள் இரு நாடுகளுக்கிடையே பிளவுபட்டன. இரப்பர் வேலை தெரிந்த சிலருக்குக் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளிலும் தோட்டவேலை கொடுக்கப்பட்டது. நாடற்றோர் என்ற நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால்தான் படிப்படியாக நீங்கியது.

அரசுடைமையும் வன்முறையும்

1972இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் தனியார் நில உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. நிலம் பெற்றவர்களுள் தோட்டத் தொழிலாளர் மிகச் சிலரே. 1973–74இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

கிராமங்களால் சூழப்பட்ட சிறிய தோட்டங்கள் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது ஒதுங்க இடமின்றி நின்றன. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளிலும், பின்னர் 1983இலும் லயங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியா முதலான வடபகுதிகளுக்குச் சென்று குடியேறின. அங்கும் உள்நாட்டுப் போர் அவர்களைத் தொடர்ந்தது. இதே காலத்தில் ஒரு முன்னேற்றமும் கிடைத்தது: 1984இல் ஆண், பெண் தொழிலாளருக்குச் சம நாட்சம்பளம் நடைமுறைக்கு வந்தது.

தனியார்மயத்துக்குப் பின்

1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்தில் விடப்பட்டன. பலாங்கொடை, காவத்தை, களனிவெளி என்ற பெயர்களைத் தாங்கிய கம்பனிகள் இப்பகுதியின் தோட்டங்கள் பலவற்றை நடத்துகின்றன. வீடமைப்பு, குடிநீர், குழந்தைப் பராமரிப்புப் பணிகளுக்கு அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த அறக்கட்டளை ஒன்று உருவானது. அது இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுகிறது.

புள்ளிவிவரங்கள் முன்னேற்றத்தையும் இடைவெளியையும் சேர்த்தே காட்டுகின்றன. 2006–07இல் நாட்டின் தோட்டத்துறையில் வறியோர் 32 விழுக்காடு. 2016இல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அது தேசிய அளவான 4.1 விழுக்காட்டின் இரு மடங்குக்கும் மேல். அதே ஆண்டின் ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளுள் 31.7 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தேசிய அளவு 17.3 விழுக்காடு. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் தேயிலைத் தொழிலாளரின் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆயினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் இந்த உயர்வின் பயனைப் பெருமளவு விழுங்கின.

இரத்தினபுரியில் சிற்றுடைமைத் தேயிலைச் செய்கை பெருகியது ஏற்றத்தாழ்வின் மற்றொரு முகம். கிராமத்தவர் சொந்தக் காணியில் தேயிலை நட்டு, பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்று முன்னேற முடிகிறது. தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்த தொழிலாளியோ, தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் அதே காணிகளுக்குக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர்.

அரச சேவையும் மொழியும்

தோட்டங்களில் உள்ளூராட்சி நிதியைச் செலவிட 1987இன் பிரதேச சபைச் சட்டம் தடையாக இருந்தது. பாதையோ தண்ணீர்க் குழாயோ தோட்ட எல்லையில் நின்றது. தோட்ட மக்கள் அந்தச் சபைக்கு வாக்களித்தும் பயன் இருக்கவில்லை. 2018இன் திருத்தம் இத்தடையை நீக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். தமிழ்ப் பாடசாலைகள் பல ஆரம்ப வகுப்புகளோடு முடிவதாலும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதாலும், உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் மாணவர் வெளியூர் செல்ல நேர்கிறது. சிங்களப் பாடசாலைக்குப் போவோரும் உண்டு. பிரதேச செயலகத்திலும் பொலிசிலும் மருத்துவமனையிலும் தமிழ் தெரிந்த அலுவலர் அரிது. அரசியலமைப்பு தமிழை அரசகரும மொழியாக ஏற்றிருந்தும், சிங்களத்தில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடும் நிலை தொடர்கிறது.

நிலம், பாதுகாப்பு, பிரதிநிதித்துவம்

2016 மே 17 அன்று, அரநாயக்கவில் பெரும் மண்சரிவு நேர்ந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் மலை சரிந்து லயக் குடியிருப்பு புதைந்தது. குழந்தைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஆபத்தான சரிவிலிருந்து சொந்த முடிவில் விலகிப் போகக் காணி இல்லாத மக்களுக்கு நில உரிமை உயிர்ப்பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும். 2015க்குப்பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் உறுதிப்பத்திரமும் என்ற கொள்கை வந்தது. இந்தியா 2017இல் தோட்ட மக்களுக்கு 10,000 வீடுகளை அறிவித்தது. பணி மெதுவாகவே நடக்கிறது. லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர்.

இரு மாவட்டங்களிலும் தமிழர் சிறுபான்மையாகச் சிதறி வாழ்வதால், நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு நீண்ட காலம் எட்டாததாயிருந்தது. 2024 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து தெரிவாகி, பெருந்தோட்டத்துறைப் பிரதி அமைச்சரானார். காணி உறுதி, தமிழில் அரச சேவை, முழுமையான உயர்தரப் பாடசாலைகள், நிரந்தர வருமானம் ஆகியவை இன்றும் இம்மக்களின் முதன்மைக் கோரிக்கைகள். இவை தோட்டத்தின் சலுகையாக இல்லாமல் குடிமக்களின் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.