துப்பறியும் புதினமும் திரைப்படமும்: திகம்பர சாமியார்

தமிழ்ப் புதினத்தின் வரலாறு கூறுவோர் 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை முதலில் வைப்பர். அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ துப்பறியும் கதைக்குத் தமிழில் வழி திறந்தது. அவ்வழியில் நடந்து பெரும்புகழ் எய்தியவர்கள் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர். பண்டிதர் பலர் இந்நூல்களை இழித்துரைத்தனர். ஆயினும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலிருந்த பலரை விடிய விடியப் படிக்கும் வாசகராக்கிய பெருமை இவற்றுக்கு உண்டு.

இந்நூல்களைத் திரையுலகமும் விரைந்து ஏற்றது. ராஜாம்பாள், மேனகா இரண்டும் 1935இலேயே படங்களாயின. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம், டி. ஆர். சுந்தரத்தின் இயக்கத்தில், வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ புதினத்தைப் படமாக்கியது. ஆசிரியர் 1942இலேயே மறைந்துவிட்டமையால் அதனைக் காணும் பேறு பெற்றாரில்லர்.

முதல் வேறுபாடு பெயரிலேயே உள்ளது. நூலின் பெயர் ஓர் ஊரையும் ஒரு தொழிலையும் முன்னிறுத்துகின்றது. படமோ ‘திகம்பர சாமியார்’ என்று துப்பறிபவரையே முன்னிறுத்துகின்றது. இரு பாகங்களாக விரிந்த கதை, துப்பறிபவர் ஒருவரைச் சுற்றிச் சுருங்கியது. நீண்ட உரையாடல்களுக்கும் வருணனைகளுக்கும் உரிய இடத்தை ஆடலும் பாடலும் பெற்றன.

இதனினும் ஆழமான வேறுபாடு மாறுவேடத்தில் உள்ளது. எழுத்தில் மாறுவேடம் ஒரு பெயர் மாற்றத்தாலேயே அமைந்துவிடும். வந்தவர் யார் என்பதை ஆசிரியர் சொல்லும்வரை, கதைமாந்தரைப் போலவே வாசகனும் அறியான். ஐயுறுவான், முன்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பான். திரையிலோ எம். என். நம்பியார் பதினொரு வேடங்களில் தோன்றினார். எவ்வேடமாயினும் அவர் நம்பியாரே என்பது அவையோருக்குத் தெரியும். ஏமாறுபவன் திரையிலுள்ளவன், மறைபொருளை அறிந்து சிரிப்பவன் கொட்டகையிலுள்ளவன். ஆகவே நூலின் இன்பம் தேடுதலில் பிறந்தது. படத்தின் இன்பம் காணுதலில் பிறந்தது. இஃது படத்தின் குறையன்று, அக்கலையின் இயல்பு.

எனினும் ஆசிரியராகிய நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டபின், நம் மாணவர்க்குத் தமிழ் பள்ளியில் ஒரு பாடமாக மட்டுமே நின்றது. சிராங்கூன் சாலையை அடுத்த மெக்கன்சி சாலையில் 1946இல் எழுந்த ரெக்ஸ் திரையரங்கு, 2009இல் மீண்டும் திறக்கப்பட்டுத் தமிழ்ப் படங்களைக் காட்டியது. காட்சித் தமிழ் நம் பிள்ளைகளைத் தேடி வருகின்றது. எழுத்துத் தமிழை அவர்களே தேடிச் செல்லவேண்டியுள்ளது. தேடும் ஆவலைத் தூண்டுவதில் துப்பறியும் கதைக்கு நிகர் அரிது.

வடுவூராரின் வடசொல் மிகுந்த நடையை மாணவர் பின்பற்ற வேண்டுவதில்லை. ஓர் அதிகாரத்தை வகுப்பில் படித்து, மருமம் வெளிப்படும் முன்னர் நிறுத்தி, ‘இவர் யார்? எதனால் அவ்வாறு கருதுகிறாய்?’ என்று எழுதச் செய்யலாம். அதன்பின் படத்தைக் காட்டலாம். முதலில் படத்தைக் காட்டிவிட்டால் தேடுவதற்கு எதுவும் எஞ்சாது. பண்டிதர் புறக்கணித்த நூல்கள் அன்று வாசகரை உருவாக்கின; நாம் கைவிடாவிடின் இன்றும் உருவாக்கும்.