எழுந்து வந்த பிள்ளைகள்

திங்களூருக்கு இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்திரனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு அடுத்த நவக்கிரகத் தலத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள். திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊரின் பழைய கதையோ ஒரு பிணத்தைப் பற்றியது. அப்பூதியடிகள் வீட்டுக்குத் திருநாவுக்கரசர் சாப்பிட வருகிறார். வாழைக்குருத்து அரியப் போன மூத்த பையனைப் பாம்பு தீண்டுகிறது. இலையை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் அவன் விழுகிறான். விருந்து கெடக் கூடாதென்று பெற்றோர் உடலைப் பாயில் மறைத்துவிட்டுப் பரிமாறத் தயாராகிறார்கள். மூத்தவன் எங்கே என்று விருந்தினர் கேட்க, அப்பா மழுப்புகிறார். விருந்தாளிக்குத் தெரியாமல் பிணத்தை ஒளிக்கும் இந்தக் கட்டம் இன்றைய அவல நகைச்சுவைப் படங்களின் முதல் அரைமணி நேரத்துக்குப் போதும். கடைசியில் நாவுக்கரசர் பதிகம் பாட, பையன் தூங்கி எழுந்தவன் போல எழுகிறான்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் காவிரிப் படுகையெங்கும் இப்படி எழுந்து வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இளவட்டங்கள். திருமருகலில் பாம்பு கடித்த வணிக இளைஞனை எழுப்பும் சம்பந்தரே பதினாறு வயதைத் தாண்டாதவர். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் தேர்க்காலில் மாண்ட இளவரசனும் அவனால் செத்த கன்றும் சேர்ந்தே எழுகின்றன. விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அந்தக் கோயிலிலேயே இக்கதையைச் சொல்கிறது.

எல்லாவற்றிலும் கொடூரமானது திருச்செங்காட்டங்குடியில் நடப்பது. பைரவ வேடத்தில் வந்த சிவனுக்காகச் சிறுத்தொண்டர் தன் மகன் சீராளனை அறுத்துக் கறி சமைக்கிறார். சாப்பிட உட்கார்ந்தவர், பிள்ளையைக் கூப்பிட்டால்தான் ஆச்சு என்கிறார். தாயும் தந்தையும் வாசலில் நின்று கூப்பிட, பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன் போல அவன் ஓடி வருகிறான். சித்திரைப் பரணியில் அங்கே நடக்கும் அமுது படையலுக்குப் பிள்ளை வரம் கேட்டு இன்றும் பெண்கள் வருகிறார்கள்.

கோயில் கதை மேடைக்கு வந்தபோது அதை நடித்தவர்களும் பையன்கள்தான். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியலில் ஆற்றுக்குப் போனாராம். பார்த்த பெண் ஒருத்தி பயத்திலேயே உயிரை விட்டாளாம். நாடகக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தார்கள். சுவாமிகள் பின்னாளில் வேடம் கட்டுவதை விட்டுச் சிறுவர்களைப் பழக்கினார். 1918இல் அவர் மதுரையில் தொடங்கிய பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். வறுமை விரட்ட, கும்பகோணம் ஆனையடிப் பள்ளியிலிருந்து எம்.ஜி.ஆர். போய்ச் சேர்ந்ததும் இப்படிச் சிறுவர்கள் நடிக்கும் ஒரு பாய்ஸ் கம்பெனியில்தான்.

அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டம் விடிய விடிய ஓடும். செத்த லோகிதாசனாகக் கிடக்கும் பையன் தாய் சந்திரமதியின் பாட்டு முடியும்வரை அசையக் கூடாது. ஆனால் அதே இரவில் காலகண்டையரும், கடன் வசூலிக்க வந்து உயிரை வாங்கும் நட்சத்திரேசரும் கொட்டகையைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைப்பார்கள். அழுகையும் சிரிப்பும் ஒரே டிக்கெட்டில்.

சினிமாவிலும் செத்தவர்கள் எழுந்தார்கள், வேறு விதமாக. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த அமெரிக்கப் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அதில் நிலவறையில் செத்து எழும் சிறுமி பெற்ற தாயையே கொல்கிறாள். சீராளன் கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டியது போல. எழுந்து வருகிறவன் நம் வீட்டுப் பிள்ளை என்றே கேட்டுப் பழகிய ஊர்களில் செத்து எழுந்து கடிக்கும் இந்த ஜோம்பிக்கு வேலை கிடைக்கத் தாமதமானதில் ஆச்சரியம் இல்லை. 2004இல் பிரிட்டனின் 'ஷான் ஆஃப் தி டெட்' அதைச் சிரிப்பாக்கியது. 2013இல் இந்தியில் 'கோ கோவா கான்' வந்தது. தமிழில் 2016இல்தான் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்'. கதை தொடங்குவது ஊட்டிக் குளிரில். 2019இல் யோகி பாபுவை வைத்து 'ஜோம்பி' என்றே பெயர் சூட்டி நகைச்சுவையாக எடுத்தார்கள்.

ஜோம்பிக் கதை ஒரு பாய்ஸ் கம்பெனி வாத்தியாரிடம் போயிருந்தால், கடிக்க வருகிறவனின் அம்மாவை மேடையேற்றி அரைமணி நேரம் புலம்ப விட்டிருப்பார். நடுவில் பபூனும் வந்திருப்பான்.