புளோரிடாவில் ஓர் ஆற்றை நிமிர்த்திய கதை

மலருக்கு ஏதாவது எழுது என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "ஹாஸ்டல் மெஸ் பத்தி மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றார். ஆகவே மெஸ்ஸை விட்டுவிட்டு, நான் இரண்டு வருஷம் வேலை பார்த்த அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் பாதியில் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசிவரை படிக்கவும்.

அமெரிக்க வரைபடத்தில் தென்கிழக்கு மூலையில் கட்டைவிரல் மாதிரி தொங்குவதுதான் புளோரிடா. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மெக்சிகோ வளைகுடா. மாநிலத்திலேயே உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து வெறும் 345 அடி. தெற்கே போகப் போகத் தரை தட்டையாகி, எவர்கிளேட்ஸ் என்ற பெரிய புல்வெளிச் சதுப்பு நிலத்தில் மைலுக்குச் சில அங்குலம் சரிவுதான் மிஞ்சுகிறது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. 1513ல் ஸ்பெயின்காரர் போன்ஸ் தெ லியோன் வந்து பெயர் வைத்தார். 1821ல் அமெரிக்கா கைக்கு வந்தது, 1845ல் மாநிலம் ஆனது. ஆனாலும் வெயில், கொசு, மஞ்சள் காய்ச்சல் என்று ஜனங்கள் அண்டவில்லை. 1900ல்கூட மக்கள்தொகை 5 லட்சத்து 28 ஆயிரம்தான்.

இங்கே ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அப்பலாச்சிகோலா என்ற துறைமுக ஊரில் ஜான் கோரி என்பவர் காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிர்விக்க ஐஸ் வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஐஸ் என்றால் வடக்கே நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டி, மரத்தூள் போர்த்தி, கப்பலில் வரவேண்டும். நம்ம மெரினா எதிரில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அதுவும் 1842ல் அதே நியூ இங்கிலாந்து ஐஸைக் கொட்டி வைக்க டியூடர் கம்பெனி கட்டியதுதான்! காற்றை அழுத்தி, பிறகு விரியவிட்டு ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு கோரி 1851ல் பேட்டன்ட் வாங்கினார். ஊர் சிரித்தது, பணம் போட ஆள் இல்லை. 1855ல் நொடித்துப்போய் இறந்தார். நூறு வருஷம் கழித்து ஏர்கண்டிஷனர் வீட்டுக்கு வீடு வந்தபோதுதான் புளோரிடாவே நிரம்பியது. 1950ல் சுமார் 28 லட்சம், 2020ல் 2 கோடியே 15 லட்சம்.

கோரிக்குப் பிறகு வந்தது ரயில். ஹென்றி ஃபிளாக்லர் 1896ல் மயாமிவரை தண்டவாளம் போட்டார், 1912ல் கடலுக்குள்ளேயே தீவு தீவாகத் தாண்டி கீ வெஸ்ட்வரை கொண்டுபோனார். 1935 புயல் அதை அடித்துக்கொண்டு போக, மிச்சமிருந்த பாலங்கள்மேல் ரோடு போட்டார்கள். அப்புறம் கென்னடி விண்வெளி மையம், 1971ல் டிஸ்னி. மாநில வருமான வரி கிடையாது என்பதால் ரிட்டயர் ஆனவர்களுக்கு அது சொர்க்கம். ஆரஞ்சுதான் பாவம். 1997-98ல் 24 கோடியே 40 லட்சம் பெட்டி விளைந்த மாநிலத்தில், 2005ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூச்சி பரப்பும் நோயால் 2022-23ல் 1 கோடியே 60 லட்சம் பெட்டிகூடத் தேறவில்லை.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிஸிம்மி ஆறு 103 மைல் வளைந்து நெளிந்து ஓடி, ஓக்கிச்சோபி ஏரியில் விழும். 1928 புயலில் அந்த ஏரி கரை உடைந்து சுமார் 2,500 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினக் கூலித் தொழிலாளிகள். 1947ல் மறுபடி பெருவெள்ளம். மறு வருஷமே அமெரிக்கப் பாராளுமன்றம் வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதன்படி ராணுவப் பொறியாளர் படை 1962ல் தொடங்கி 1971க்குள் கிஸிம்மியை 56 மைல் நேர்க் கால்வாயாக, 30 அடி ஆழத்துக்கு வெட்டி முடித்தது. செலவு சுமார் 3½ கோடி டாலர். நாம் ஹைட்ராலிக்ஸ் பரீட்சையில் எழுதின அதே பதில்தான். நீளம் குறைந்தால் சரிவு கூடும், வேகம் கூடும், வெள்ளம் சீக்கிரம் வடியும். கணக்கில் ஒரு தப்பும் கிடையாது.

ஆனால் ஆற்றங்கரைச் சதுப்பு காய்ந்து மாட்டுப் புல்வெளி ஆச்சு. குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த வாத்துகளில் பத்தில் ஒன்பது பங்கு வரவில்லை. முன்பு சதுப்பில் தங்கித் தெளிந்து வந்த தண்ணீர், பண்ணைக் கழிவோடு நேரே ஏரிக்குப் போய் விழுந்தது. கால்வாய் முடிந்த சில வருஷங்களிலேயே அதை மூடு என்று குரல் எழும்பிவிட்டது. 1992ல் அனுமதி, 1999ல் வேலை ஆரம்பம். ஆற்றோர நிலங்களை விலைக்கு வாங்கி, வெட்டிக் கரையில் குவித்த மண்ணையே தள்ளி 22 மைல் கால்வாயைத் தூர்த்தார்கள். 44 மைல் பழைய வளைவுகளில் மறுபடி தண்ணீர் ஓடுகிறது. 2021ல் முடிந்த இந்த வேலைக்குச் செலவு கிட்டத்தட்ட 100 கோடி டாலர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே படகில் போனேன். நேர்க் கால்வாய் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். நாணல், கொக்கு, தண்ணீர்ச் சத்தம். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். எனக்கு வேறு ஞாபகம்.

கல்லூரியை விட்டு வந்த இரண்டாம் வருஷம், ஒரு மனைப்பிரிவுக்காக ஏரிக் கலங்கலிலிருந்து வரும் வளைந்த வாய்க்காலை ஸ்கேல் வைத்து நேராக்கி டிராயிங் போட்டவன் நான். "மனை எண்ணிக்கை கூடுது, சபாஷ்" என்றார் எங்கள் மேனேஜர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் கீழே இருந்த காலனிக்குள் இடுப்பளவுத் தண்ணீர்.

போன லீவில் ஊருக்கு வந்தபோது அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பழைய வளைவு இருந்த இடத்தில் பதினாலு வீடு. ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, "யாரைத் தேடறீங்க தம்பி?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, விலாசம் மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.