பனிமலையின் மொய் நோட்டு

மளிகை மண்டியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். வரைபடத்தைப் பிரித்தாலும் யார் காசு கொடுத்தார்கள் என்றுதான் கண் தேடும். தென்துருவத்துப் பெயர்களைப் படிப்பது எனக்கு மொய் நோட்டைப் புரட்டுவது மாதிரி.

ஆக்செல் ஹைபெர்க் பனியாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். க்வீன் மாட் மலைகளுக்கு நடுவே, துருவப் பீடபூமியிலிருந்து ராஸ் பனித்தட்டுக்கு இறங்குகிறது. நீளம் சுமார் 48 கிலோமீட்டர். அந்தக் கண்டத்துக்கு இது குட்டைதான். ஆனால் சரிவு பொல்லாதது. 1911 நவம்பரில் தென்துருவம் நோக்கிப் போன நார்வேக்காரர் அமுண்ட்சென் நான்கு தோழர்களோடும் நாய் வண்டிகளோடும் இதன் வழியாகத்தான் ஏறினார். மேலே சேர்ந்ததும் இருபதுக்கு மேற்பட்ட நாய்களைச் சுட்டு, மிச்ச நாய்களுக்கும் தங்களுக்கும் இறைச்சியாக்கினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கசாப்புக் கடை’. கொடையாளியை நினைக்காமல் வைத்த பெயர், உள்ளதைச் சொல்கிறது.

ஹைபெர்க் நார்வே வணிகர், துருவப் பயணங்களின் புரவலர். கனடாவின் வடகோடியில் 43,000 சதுர கிலோமீட்டர் தீவு ஒன்றுக்கும் அவர் பெயர்தான். 1898 முதல் 1902 வரை அங்கே சுற்றிய நார்வே பயணி ஸ்வெர்ட்ரூப் வைத்தது. பக்கத்துத் தீவுகள் இரண்டும் ரிங்னெஸ் சகோதரர்கள் பேரில். அந்தப் பயணத்துக்குக் காசு கொடுத்த அவர்கள் பீர் ஆலை முதலாளிகள்! தென்துருவத்துக்குத் திரும்பினால், ஹைபெர்க் பனியாற்றை ஒட்டிய சிகரத்துக்கு டான் பெட்ரோ கிறிஸ்டோஃபர்சென் என்று பெயர். ப்யூனஸ் அயர்ஸில் வாழ்ந்த அந்த நார்வேக்காரர் அமுண்ட்செனின் கப்பல் செலவுக்குக் கைகொடுத்தவர். பிரிட்டிஷார் மட்டும் என்ன? 1908இல் ஷாக்கிள்டன் கண்ட பெரிய பனியாறு, பண உதவி செய்த கிளாஸ்கோ தொழிலதிபர் பியர்ட்மோரின் பெயரைத்தான் சுமக்கிறது.

இதில் எனக்குக் குறையில்லை. எவரெஸ்ட் விஷயத்தில் திபெத்தியர் சொல்லிவந்த பெயர் ஓரம் போனது. இங்கே ஓரங்கட்ட ஊரும் இல்லை, குடியும் இல்லை. வாங்கிய கடனுக்கு நன்றி எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அதே நோட்டில் மொய் வைக்காத ஒருத்தியின் பெயரும் உண்டு. ஹைபெர்க் பனியாறு இறங்கும் பக்கத்தில், பனித்தட்டைப் பார்த்து நிற்கும் சின்ன மலைக்கு ‘பெட்டி’ என்று பெயரிட்டார் அமுண்ட்சென். பெட்டி குஸ்தாவ்சன், அவர் வீட்டில் இருந்து அவரை வளர்த்த ஆயா. துருவத்திலிருந்து திரும்பும்போது, 1912 ஜனவரி 6 அன்று, அந்த மலையில்தான் கற்களை அடுக்கிக் குவியல் எழுப்பினார். 17 லிட்டர் மண்ணெண்ணெயும் தீப்பெட்டிகளும் பயண விவரம் எழுதிய தாளும் அதில் வைத்தார். 1929இல் அமெரிக்க நிலவியலாளர் லாரன்ஸ் கூல்டின் குழு அதைக் கண்டெடுத்தது. இன்று அந்தக் கற்குவியல் அண்டார்டிக் ஒப்பந்தத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 24ஆம் எண்.