மார்பும் பிரகடனமும்

நாஞ்சில் நாட்டில் மார்பு சர்க்கார் விஷயமாக இருந்திருக்கிறது. 1814இல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் (அன்றைய தஸ்தாவேஜுகளில் சாணார்) குப்பாயம் அணியலாம் என்றார். 1822இல் கல்குளம், இரணியல் பக்கங்களில் பெண்களின் மேல்சீலை பொது இடத்தில் கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாய் குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தார். 1859 ஜூலை 26இல் வந்த உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம்தான் விசித்திரமானது. குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றலாம், வேறெப்படியும் மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அனுமதி கொடுத்தாயிற்று, மடிப்பு மட்டும் அரண்மனையிடம் இருந்தது.

திருநம்பிகளின் மார்பு அறுவை பற்றிப் படிக்கும்போது இந்தப் பிரகடனம் எனக்கு ஞாபகம் வருகிறது. ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. நாடார் பெண் கேட்டது பெண்ணுக்குரிய மரியாதை; திருநம்பி கேட்பது தன்னைப் பெண் என்று வாசிக்காதிருப்பது. திசைகள் எதிரெதிர். ஆனால் உடம்பு அவரவருடையது, அதன் அர்த்தத்தை வேறொருவர் கையெழுத்திட்டுத் தருகிறார் என்பது பொது. (நம்பி என்றால் நமக்குத் திருக்குறுங்குடிப் பெருமாள். அந்தப் பேரை இவர்கள் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.)

அறுவையின் காரியம் எளிதாகச் சொல்லக்கூடியது. மார்பின் அடிப்பாகத்தில் கீறி, திசுவை எடுத்து, காம்பைச் சிறிதாக்கி, ஆண் மார்பில் அது இருக்கும் இடத்தில் ஒட்டுத்தோலாகப் பதிக்கிறார்கள். மார்பு சிறிதானால் காம்பைச் சுற்றிக் கீறினாலே போதும். அதுவரை வருஷக்கணக்கில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, விலா நோக, முழு மூச்சு விடாமல் நடந்தவர்கள் இவர்கள்.

இதற்கு நம் இலக்கியத்தில் படிமம் இல்லை. உடனே கண்ணகியை இழுத்து வருவார்கள், இல்லையேல் சேர்த்தலை நங்கேலியை. நங்கேலி செவிவழிக் கதை, போகட்டும். இரண்டிலும் மார்பு போனால் ஊர் எரிகிறது அல்லது உயிர் போகிறது. அறுத்துக்கொண்டு பிழைத்திருப்பவனை நம் மரபு கற்பனை செய்யவில்லை.

மைக்கேல் டில்லன் அப்படிப் பிழைத்திருந்தவர். 1915இல் லண்டனில் பெண் என்று பதிவானவர். 1942இல் பிரிஸ்டலில் இரு மார்பும் நீக்கப்பட்டது. 1944இல் பிறப்புப் பதிவு திருத்தப்பட்டது. பிறகு ஹெரால்ட் கில்லீஸிடம் பல அறுவைகள். கில்லீஸ் முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் செய்து பழகியவர். அதே போரில் ஸோம் களத்தில் கத்தி பிடித்த ஸோமர்வெல், எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு, நம் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்து பல வருஷம் இருந்தார். போர் கற்றுக்கொடுத்த கை எங்கெங்கோ போயிருக்கிறது. டில்லன் டாக்டராகிக் கப்பலில் வேலை பார்த்தார். 1958இல் பிரபுக்களின் வம்சாவளி நூல்கள் இரண்டுக்குள் இருந்த முரண்பாட்டைப் பிடித்துப் பத்திரிகைகள் அவரை அம்பலப்படுத்தின. இந்தியாவுக்கு வந்து பௌத்தரானார், ஜீவகன் என்று எழுதினார், லடாக் மடத்தில் தங்கினார். 1962 மே மாதம் டல்ஹௌசியில் இறந்தார். மார்பு நீக்கிய பிறகு 20 வருஷம். அவரை விரட்டியது கத்தியல்ல, அச்சில் வந்த ஒரு வரி.

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் நலவாரியம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவச அறுவையும் வந்தது. அன்று எல்லோர் மனத்திலும் இருந்தது திருநங்கை. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், அடையாளத்துக்கு அறுவையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றது. 2019இல் எழுதப்பட்ட சட்டமோ, மாறிய பாலினர் என்ற சான்றிதழை அறுவையில்லாமல் கொடுத்துவிட்டு, ஆண் என்றோ பெண் என்றோ எழுத வேண்டுமானால் அறுவை முடித்து மருத்துவ அதிகாரியின் சான்றோடு கலெக்டரிடம் மறுபடி வா என்றது. வேறெப்படியும் இருக்கலாம், இவர்களைப் போல மட்டும் கூடாது என்ற 1859இன் வாக்கிய அமைப்பு அதில் கேட்கிறது.

ஏ. ரேவதி 2016இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் திருநம்பிகள் சிலரின் வாழ்க்கை வருகிறது. அதில் தீயும் இல்லை, சாபமும் இல்லை. வாடகை வீடு, வேலை, வீட்டார், ஆஸ்பத்திரிச் செலவு.