உள்ளே நின்று கேட்பதும் வெளியே நின்று கேட்பதும்

ஜேர்மனியில் வதியும் எம்மவரில் வயது முதிர்ந்த ஒருவரிடம், இந்நாட்டினுள் முதன்முதல் எவ்வாறு காலடி வைத்தீர்கள் என்று வினவினால், பெரும்பாலும் ஒரு புகையிரத நிலையத்தின் பெயரே விடையாக வரும். கிழக்கு பேர்லினின் பிரீட்ரிக்ஸ்ட்ராச நிலையமே அது.

1949ஆம் ஆண்டின் ஜேர்மன் அடிப்படைச் சட்டம், அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டெனத் தன் 16ஆவது உறுப்புரையில் கூறியது. இட்லரின் காலத்தில் பிறநாடுகளின் கதவுகளைத் தட்டி நின்றோரின் நினைவு அதை எழுதியோரின் மனதில் இருந்தது. ஆயினும் அவ்வுரிமையை ஜேர்மன் மண்ணில் நின்றே கோர முடியும். தூதுவராலயத்திற்குச் சென்று, புகலிடம் கோரப் போகிறேன், விசா தாருங்கள் என்று கேட்பதற்கு வழியில்லை. 1980இல் இலங்கையருக்கு மேற்கு ஜேர்மனி விசாவைக் கட்டாயமாக்கியது. கேட்பதற்கு உள்ளே நிற்க வேண்டும். உள்ளே வருவதற்கோ வெளியே நின்று விசா பெற வேண்டும். எமது புலம்பெயர்வின் முடிச்சு இதுவே.

அம்முடிச்சைத் தற்காலிகமாக அவிழ்த்தது பனிப்போர். 1983 யூலைப் படுகொலைகளின் பின்னர் எம்மவர் பலர் ஏரோபுளொட் விமானத்தில் மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினர். கிழக்கு ஜேர்மனி அவர்களுக்கு இடைவழி விசா வழங்கியது. அங்கிருந்து பிரீட்ரிக்ஸ்ட்ராச, அப்பால் சில நிமிட ரயில் பயணத்தில் மேற்கு பேர்லின். மேற்குத் தரப்பினர் அந்த எல்லையை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்றுக்கொள்ளாததால், அங்கு கடவுச்சீட்டுச் சோதனை நடத்தவில்லை. நடத்தினால் நகரம் பிரிக்கப்பட்டதைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா! மெல்லிய சேட்டுடன் மார்கழிக் குளிரில் இறங்கிய கதைகளை எமது வீட்டு விருந்துகளில் இன்றும் கேட்கிறோம்.

1985 யூலையில் கிழக்கு ஜேர்மனி, செல்லும் நாட்டின் விசா இல்லாத தமிழரை இடைவழியில் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே மாதத்தில் இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் கிழக்கிற்குரிய வட்டியில்லாக் கடன் எல்லை 850 மில்லியனாக உயர்த்தப்பட்டது. இரண்டையும் தொடர்பற்ற நிகழ்வுகளாக எம்மால் பார்க்க முடியவில்லை. 1986 ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் அத்தடை எல்லா நாட்டு அகதிகளுக்கும் விரிந்தது.

உள்ளே வந்தோரின் நிலையும் உறுதியானதாக இருக்கவில்லை. வேலைக்கு அனுமதியின்றி, ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்ட முடியாமல், விடுதிகளில் காத்திருந்தனர். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் கூறிய அவர்கள், உண்மையில் ஜேர்மனியின் பிராக துறைமுகத்திலிருந்து கப்பலேறியோர். கனடா அவர்களுக்கு ஓராண்டு தங்கும் அனுமதி அளித்தது.

1993 மே 26இல் ஜேர்மன் நாடாளுமன்றம் 521க்கு 132 என்ற வாக்குகளால் புகலிட உரிமையைச் சுருக்கியது. பாதுகாப்பான மூன்றாம் நாட்டினூடாக வந்தவர் அவ்வுரிமையைக் கோர முடியாதென்றாயிற்று. ஜேர்மனியின் அயல்நாடுகள் அனைத்தும் பாதுகாப்பானவையே. விமானத்தில் வருவோருக்கு விமான நிலைய நடைமுறை வந்தது. செல்லுபடியான கடவுச்சீட்டின்றிப் பிராங்பேர்ட்டில் இறங்கியவர் அங்கேயே மறித்து விசாரிக்கப்படுவார். கால்கள் ஜேர்மன் தரையில் நின்றாலும், சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் உள்ளே வராதவர்.

புகலிடம் உள்ளிருந்து மட்டும் கேட்கப்படுவதாயின், வதிவிட அனுமதியோ வெளியிலிருந்து கேட்கப்படுவது. 1991இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டமும், அதன் இடத்திற்கு 2005இல் வந்த வதிவிடச் சட்டமும் இதையே விதியாகக் கொண்டன. புகலிட வழக்கு நிலுவையில் உள்ள இளைஞர் ஒருவர் இங்கு நிரந்தர வதிவிடமுள்ள பெண்ணை மணந்தால், கொழும்புக்குச் சென்று தூதுவராலயத்தில் விசா பெற்று வாருங்கள் என்ற பதிலே முதலில் கிடைக்கும். எங்கு உயிராபத்து என்று கூறினாரோ அங்கேயே போகச் சொல்கிறார்கள். போனால், தாய்நாடு சென்றதைக் கொண்டே அவரது புகலிட விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகக் கருதப்படும். திரும்பிச் செல்லுமாறு கேட்பது நியாயமற்ற இடத்தில் அதிகாரிகள் விலக்கு அளிக்கலாம். அந்த 'அளிக்கலாம்' என்ற சொல்லில் எத்தனை குடும்பங்கள் தொங்கி நின்றன!

2007 முதல், வந்துசேர விரும்பும் துணைவர் அடிப்படை ஜேர்மன் மொழியறிவையும் வெளியே இருக்கும்போதே நிரூபிக்க வேண்டியதாயிற்று. ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிக்கு இதில் ஒரு சலுகை உண்டு: புலம்பெயருமுன் நடந்த திருமணமாயின் துணைவருக்கு அச்சோதனை இல்லை. அந்தஸ்துக் கிடைத்து மூன்று மாதங்களுக்குள் குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்தால் வருமானமும் வீட்டின் பரப்பளவும் தடையாக மாட்டா. இத்தவணையைத் தவறவிட்டோர் எம்மிடையே பலர்.

2023 இறுதியில் ஒரு சிறு வாயில் திறந்தது. அவ்வாண்டு மார்ச் 29க்கு முன்னர் நாட்டினுள் வந்த புகலிடக் கோரிக்கையாளர், தகைமையும் அதற்கேற்ற வேலையும் இருந்தால், விண்ணப்பத்தை மீளப்பெற்று வெளியேறாமலே தொழில்வழி அனுமதிக்கு மாறலாம். பின்னர் வந்தோருக்கு அது இல்லை.

வெளியே சென்று கேட்க வேண்டியதில்லை என்று சில நாட்டவருக்கு மட்டும் விதியே கூறுகின்றது. அமெரிக்கா, யப்பான், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் குடிகள் விசாவின்றி வந்து, 90 நாட்களுக்குள் இங்கிருந்தே வதிவிட அனுமதி கேட்கலாம். அந்நிரலில் கனடாவும் உண்டு. பிராக துறைமுகத்தில் கப்பலேறிய ஒருவர் கனடியக் குடியுரிமை பெற்றிருந்தால், அவரும் இன்று அவ்வாறே ஜேர்மனிக்கு வரலாம்.