பூனைகளுக்கு வீடு தேடித் தந்த காபிக் கடை

காபி குடிக்கப் போன இடத்தில் ஒரு பூனை மடியில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதற்கென்றே கடைகள் உண்டு. பெயர், பூனை கஃபே.

முதல் கடை 1998-ல் தைவானின் தைப்பே நகரில் தொடங்கப்பட்டது. சுற்றுலா வந்த ஜப்பானியர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. 2004-ல் ஒசாகாவில் ஜப்பானின் முதல் பூனை கஃபே பிறந்தது. அங்கே பல அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. எனவே மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்து மக்கள் வந்தார்கள். ஆனால் அந்தக் கடைகளில் பெரும்பாலும் பூனை கடைக்கே சொந்தம்.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் மாறியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் 2014 அக்டோபரில் 'கேட் டவுன் கஃபே' திறக்கப்பட்டது. அந்நாட்டின் முதல் நிரந்தரப் பூனை கஃபே இதுதான். பூனைகள் நகராட்சிக் காப்பகத்திலிருந்து வந்தன. பிடித்திருந்தால் தத்தெடுத்துக்கொள்ளலாம். சுகாதார விதிகளுக்காகக் காபி ஒரு பக்கம், பூனைகள் மறுபக்கம்.

காப்பகத்திலேயே தத்தெடுக்கலாமே, கடை எதற்கு? கூண்டு, நாய்களின் குரைப்பு, புது மனிதர்கள்... பயந்த பூனை மூலையில் ஒடுங்கிவிடும். "இது யாரிடமும் ஒட்டாது" என்று வந்தவர் தாண்டிப் போய்விடுவார். இடம் போதாத காப்பகத்தில் அந்தப் பூனைக்குக் கருணைக்கொலையே முடிவாகலாம். அதே பூனை திறந்த அறையில் சில நாள் இருந்தால் பயம் தெளிந்து, தானாக அருகில் வரும்.

மற்ற கடைகளுக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவது லாபம். இங்கேயோ, பூனை திரும்பி வராமல் இருப்பதுதான் லாபம்! காலியான இடத்துக்குக் காப்பகத்திலிருந்து இன்னொன்று வருமே.